சிறு நகரத்துக் கணக்கு: சான் அன்டோனியோ ஸ்பர்ஸ் நிலைத்து நின்ற விதம்

சான் அன்டோனியோ ஸ்பர்ஸ் அணியைப் பற்றி அமெரிக்கக் கூடைப்பந்து ரசிகர்கள் இரண்டு விதமாகப் பேசுவார்கள். எல்லாம் குலுக்கல் அதிர்ஷ்டம் என்பது ஒரு கட்சி. 1987, 1997, 2023 என மூன்று முறை, புதுமுகங்களை அணிகள் வரிசைப்படி தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில் குலுக்கலில் முதல் இடம் விழுந்தது, மூன்று முறையும் தலைமுறைக்கு ஒருவர் என்று சொல்லத்தக்க நெட்டையான ஆட்டக்காரர் கிடைத்தார் என்பார்கள். இன்னொரு கட்சி, மொத்தப் பெருமையையும் பயிற்சியாளர் கிரெக் பாப்போவிச் பெயரில் எழுதிவைக்கும். இரண்டிலும் உண்மை இருக்கிறது. ஆனால் 1999, 2003, 2005, 2007, 2014 ஆகிய ஐந்து கோப்பைகளும், 1998 முதல் 2019 வரை ஓர் ஆண்டு கூடத் தவறாமல் நுழைந்த 22 பிளே-ஆஃப்களும் (சீசன் முடிவில் சிறந்த அணிகள் மோதும் கோப்பைச் சுற்றுகள்) அந்த இரண்டால் மட்டும் வந்தவை அல்ல. இது வசதி குறைந்த ஊரின் அணி. லாஸ் ஏஞ்சலிஸுக்கோ நியூயார்க்குக்கோ போகிற நட்சத்திரங்கள் தாமாக இங்கே வருவதில்லை. டெக்சாஸுக்கு உள்ளேயே டல்லஸும் ஹூஸ்டனும் போட்டிக்கு நிற்கின்றன. அதனால் மற்றவர்கள் விலைக்கு வாங்குவதை இவர்கள் கண்டுபிடித்தாக வேண்டும், கிடைத்ததைக் கெடாமல் காப்பாற்றியாக வேண்டும். ஸ்பர்ஸின் பழக்கங்கள் பலவும் இந்த நெருக்கடியில் பிறந்தவை.

அணி பிறந்தது டல்லஸில். அமெரிக்காவின் முதன்மையான தொழில்முறைக் கூடைப்பந்துச் சங்கமான என்பிஏ-வுக்குப் போட்டியாக 1967-ல் தொடங்கிய ஏபிஏ சங்கத்தில் டல்லஸ் சாப்பரல்ஸ் என்ற பெயரில் ஆடியது. கூட்டம் சேரவில்லை. 1973-ல் ஏஞ்ஜலோ டிரோசோஸ், ரெட் மெக்கோம்ஸ் உள்ளிட்ட சான் அன்டோனியோ வணிகர்கள் சேர்ந்து அணியை முதலில் குத்தகைக்கு எடுத்தார்கள். ஊர் ஏற்காவிட்டால் டல்லஸுக்கே திருப்பிக் கொடுத்துவிடலாம் என்பது ஏற்பாடு. ஊர் ஏற்றுக்கொண்டது, ஓர் ஆண்டிலேயே சொந்தமாக்கிக்கொண்டார்கள்.

அடுத்து அவர்கள் செய்ததுதான் அணியைக் காப்பாற்றியது. பணமுடையில் இருந்த வர்ஜீனியா ஸ்குவையர்ஸிடமிருந்து 1974-ல் ஜார்ஜ் கெர்வினை ஏறத்தாழ 2,25,000 டாலருக்கு வாங்கினார்கள். சங்கத்தின் ஆணையர் அந்த விற்பனையைத் தடுக்கப் பார்த்தார். வழக்கு நீதிமன்றம் வரை போய் ஸ்பர்ஸ் பக்கம் தீர்ப்பானது. ‘ஐஸ்மேன்’ என்று பெயர் வாங்கிய கெர்வினின் அடையாளம், பந்தை உள்ளங்கையில் ஏந்தி விரல் நுனியில் உருட்டிக் கூடைக்குள் விடும் ஃபிங்கர் ரோல். 1978 ஏப்ரல் 9 அன்று, சீசனின் கடைசி நாளில், டென்வரின் டேவிட் தாம்சன் பகலில் 73 புள்ளி எடுத்திருந்தார். புள்ளிப் பட்டியலில் முதலிடம் தக்கவைக்க அன்றிரவு கெர்வினுக்கு 58 தேவைப்பட்டது. 63 எடுத்தார். சராசரியில் வித்தியாசம் 27.22-க்கும் 27.15-க்கும் இடையே உள்ளதுதான்.

1976-ல் ஏபிஏ கலைந்தபோது ஸ்பர்ஸ், டென்வர், இண்டியானா, நியூயார்க் நெட்ஸ் ஆகிய நான்கு மட்டும் என்பிஏ-வுக்குள் சேர்த்துக்கொள்ளப்பட்டன. நுழைவுக் கட்டணம் ஆளுக்கு 32 லட்சம் டாலர், முதல் சில ஆண்டுகளுக்குத் தொலைக்காட்சி வருமானத்தில் பங்கு கிடையாது. வெளியே நின்ற செயின்ட் லூயிஸ் அணியின் உரிமையாளர்களான சில்னா சகோதரர்கள், சேர்ந்த நான்கு அணிகளின் தொலைக்காட்சிப் பங்கில் ஏழில் ஒரு பகுதியை ‘சங்கம் இருக்கும் வரை’ கேட்டு வாங்கினார்கள். அன்றைக்கு அது சில்லறைக் காசு. 2014-ல் அந்த ஒப்பந்தத்தின் பெரும்பகுதியை முடித்துவைக்க என்பிஏ தரப்பு ஏறக்குறைய 50 கோடி டாலர் கொடுக்க நேர்ந்தது என்று செய்தி வந்தது. அதுவரை ஏறத்தாழ நாற்பது ஆண்டு, ஸ்பர்ஸ் போன்ற சிறிய அணி தன் வருமானத்தில் ஒரு துண்டை இல்லாத ஓர் அணிக்கு அளந்துகொண்டிருந்தது.

எண்பதுகளின் நடுவில் கெர்வின் போனபின் அணி சரிந்தது. 1987-ல் முதல் குலுக்கல். கடற்படைக் கல்விக்கழக மாணவர் டேவிட் ராபின்சனைத் தேர்ந்தெடுத்தார்கள், ஆனால் அவர் இரண்டு ஆண்டு கடற்படைப் பணி முடித்துத்தான் வர முடியும். காத்திருந்தார்கள். 1988-89-ல் 21 வெற்றி, 61 தோல்வி. ராபின்சன் வந்த மறு சீசனில் 56-26. ஒரே ஆண்டில் 35 ஆட்டம் கூடுதலாக வென்றது அன்றைய என்பிஏ சாதனை.

ராபின்சன் 1994-ல் ஒரே ஆட்டத்தில் 71 புள்ளி எடுத்தார், 1995-ல் சங்கத்தின் சிறந்த ஆட்டக்காரரானார். கோப்பை மட்டும் வரவில்லை. 1995-ல் 62 வெற்றியோடு போய், ஹூஸ்டனின் ஹக்கீம் ஒலாஜுவானிடம் தோற்றார்கள். அந்த ஸ்பர்ஸ் அணியில், தவறிய ஷாட்டைப் பாய்ந்து பிடிக்கும் ரீபவுண்டில் நிகரில்லாத டென்னிஸ் ராட்மன் இருந்தார். பயிற்சிக்குத் தாமதம், நிர்வாகத்தோடு மோதல், இடைநீக்கம் என்று தொடர்ந்த தலைவலிக்குப் பின் அவரைச் சிகாகோவுக்கு அனுப்பி, பதிலுக்கு வில் பெர்டியூ என்ற மாற்று சென்டரை வாங்கினார்கள். சிகாகோ அடுத்த மூன்று கோப்பைகளையும் வென்றது. கணக்குப்படி படுநஷ்ட வியாபாரம். ஆனால் ஆளின் குணத்தையும் விலையோடு சேர்த்துப் பார்க்க வேண்டும் என்று பாப்போவிச் பிற்பாடு கறாராக நின்றதற்கு இந்த அனுபவமும் ஒரு காரணம் என்று தோன்றுகிறது.

பாப்போவிச் அப்போது பயிற்சியாளர் அல்ல, பொது மேலாளர். விமானப்படைக் கல்விக்கழகத்தில் படித்தவர், கலிஃபோர்னியாவில் பொமோனா-பிட்சர் என்ற சிறு கல்லூரி அணியைப் பல ஆண்டு பயிற்றுவித்தவர், பிறகு லாரி பிரவுனுக்குக் கீழே ஸ்பர்ஸில் உதவியாளர். 1996 டிசம்பரில், அணி 3-15 என்று கிடந்தபோது, பாப் ஹில்லை நீக்கிவிட்டுத் தானே அந்த நாற்காலியில் உட்கார்ந்தார். காயத்திலிருந்து ராபின்சன் திரும்பும் நேரம் பார்த்துச் செய்ததால் ஊரே அவரைத் தூற்றியது. ஆறு ஆட்டம் ஆடியதும் ராபின்சனுக்குக் கால் எலும்பு முறிந்தது. 20-62 என்று சீசன் முடிந்தது.

இங்கேதான் 1997 குலுக்கல். 1 முதல் 14 வரை எண்ணிட்ட பந்துகளில் நான்கை எடுப்பார்கள். வரிசை பாராமல் கணக்கிட்டால் 1,001 சேர்க்கைகள் வரும். ஒன்றை ஒதுக்கிவிட்டு 1,000 சேர்க்கைகளைத் தோற்ற அணிகளுக்குப் பிரித்துக் கொடுப்பார்கள், மோசமாகத் தோற்றவருக்கு அதிகம். பாஸ்டன் செல்டிக்ஸ் கையில் தன் தேர்வோடு டல்லஸின் தேர்வும் இருந்தது. இரண்டும் சேர்த்து ஏறத்தாழ 36 விழுக்காடு வாய்ப்பு. ஸ்பர்ஸுக்கு ஐந்தில் ஒன்றுக்குச் சற்று மேல். பந்துகள் ஸ்பர்ஸ் பக்கம் விழுந்தன, டிம் டங்கன் வந்தார். அதிர்ஷ்டக் கட்சிக்காரர்கள் இதைத்தான் காட்டுவார்கள், மறுக்க முடியாது. ஆனால் முதல் தேர்வு கிடைத்தும் எதையும் வெல்லாத அணிகள் பல. ஆர்லாண்டோவுக்கு 1992-ல் ஷாக்கீல் ஓ’நீல் கிடைத்தார், நான்கே ஆண்டில் லாஸ் ஏஞ்சலிஸுக்குப் போய்விட்டார். கிடைப்பது ஒன்று, தக்கவைப்பது வேறு.

டங்கன் வர்ஜின் தீவுகளின் செயின்ட் குரோய் தீவுக்காரர். சிறுவயதில் நீச்சல் வீரர். 1989-ல் ஹ்யூகோ புயல் தீவின் நீச்சல்குளத்தை அழித்த பிறகுதான் கூடைப்பந்துக்கு முழுதாக வந்தார். நான்கு ஆண்டும் வேக் ஃபாரஸ்ட்டில் படித்து முடித்துவிட்டு வந்ததால் முதல் நாளே முதிர்ந்த ஆட்டக்காரர். அவருடைய ஆயுதம் பலகையில் சாய்வாகப் பட்டு விழும் பாங்க் ஷாட். வளையத்துக்கு நேராக நின்றோ அடிக்கோட்டை ஒட்டி நின்றோ எறிந்தால் அது சரிவராது, 45 பாகை அளவுக்குச் சாய்ந்த இடத்திலிருந்துதான் கைகொடுக்கும். அவர் எப்போதும் இடப்பக்கத்து அந்த இடத்தையே தேடிப்போய் நிற்பதை எதிரணிகள் 19 ஆண்டு பார்த்தும் முழுதாகத் தடுக்க முடியவில்லை.

கதவடைப்பால் 50 ஆட்டமாகச் சுருங்கிய 1999 சீசனில் ஸ்பர்ஸ் 6-8 என்று தொடங்கியது. பாப்போவிச் வேலை போகும் என்ற பேச்சு பலமாக இருந்தது. அடுத்த 36 ஆட்டங்களில் 31 வெற்றி. போர்ட்லாண்டுக்கு எதிராக ஷான் எலியட், எல்லைக்கோட்டில் குதிகால் படாமல் நுனிக்காலில் நின்று எறிந்த மூன்று புள்ளி ஷாட் இன்றும் அந்த ஊரில் ‘மெமோரியல் டே அதிசயம்’ என்று அந்த விடுமுறை நாளின் பெயரோடு நினைக்கப்படுகிறது. நியூயார்க்கை 4-1 என்று வீழ்த்தி முதல் கோப்பை. அந்த வசந்தம் முழுக்க எலியட் சிறுநீரகக் கோளாறோடு ஆடியிருக்கிறார். ஆகஸ்டில் அண்ணனின் சிறுநீரகம் பொருத்தப்பட்டு, 2000 மார்ச்சில் மறுபடி களமிறங்கினார்.

2000 கோடையில் டங்கன் ஏறக்குறைய ஆர்லாண்டோவுக்குப் போயிருப்பார். தங்கினார். அவர் தங்கியதால்தான் அடுத்த கட்டம் சாத்தியமானது.

அந்தக் கட்டத்துக்குப் பெயர் வெளிநாடு. நன்றாக ஆடும் அணிக்கு டிராஃப்டில் 25-க்குப் பிறகான தேர்வுகளே கிடைக்கும். முதல் சுற்றில் எடுத்தவரை உடனே கூட்டி வந்தால் சம்பள வரம்பில் இடம் பிடிப்பார். ஐரோப்பாவில் ஒப்பந்தத்தில் இருக்கும் ஒருவரைத் தேர்ந்தெடுத்து அங்கேயே விட்டுவைத்தால் சம்பளமும் இல்லை, இடமும் போகாது, உரிமை மட்டும் கையில் இருக்கும். அவர் வளர்ந்தபின் அழைத்துக்கொள்ளலாம். 1999-ல் 57-வது தேர்வாக எடுத்த அர்ஜென்டினாவின் மனு ஜினோபிலி 2002-ல் வந்தது இப்படித்தான். இரண்டு ஆண்டில் ஏதென்ஸ் ஒலிம்பிக்கில் தன் நாட்டுக்குத் தங்கம் வாங்கிக் கொடுத்தார். பெல்ஜியத்தில் பிறந்து பிரான்சில் வளர்ந்த டோனி பார்க்கர் 2001-ல் 28-வது தேர்வு. முதல் சோதனையில் பார்க்கர் சொதப்பினார், பாப்போவிச் வேண்டாம் என்றிருந்தார். அன்று அலுவலகத்தில் கீழ்நிலையில் இருந்த சாம் பிரெஸ்டி போன்றோர் விடாமல் காணொளித் தொகுப்புகளைக் காட்டி, இரண்டாம் சோதனைக்கு வழி செய்தார்கள். பின்னாளில் ஓக்லஹோமா சிட்டியைக் கட்டி 2025-ல் கோப்பை வாங்கியவர் அதே பிரெஸ்டிதான்.

இந்த முறை தவறியதும் உண்டு. 2002-ல் எடுத்த லூயிஸ் ஸ்கோலாவை ஐந்து ஆண்டு ஸ்பெயினிலேயே விட்டுவைத்து, கடைசியில் உரிமையைப் பக்கத்து ஹூஸ்டனுக்கே கொடுத்தார்கள். பதிலுக்குப் பெற்ற ஸ்பனூலிஸ் ஸ்பர்ஸுக்காக ஒரு நிமிடம் கூட ஆடவில்லை. ஸ்கோலாவோ ஹூஸ்டனில் முதல் சீசனிலேயே கைகொடுத்தார். 2008-ல் எடுத்த கோரன் டிராகிச்சை அன்றிரவே ஃபீனிக்ஸுக்கு அனுப்பினார்கள். ஸ்பர்ஸ் எல்லாவற்றையும் முன்கூட்டியே அறிந்த அணி என்ற புகழ்ப்பாட்டு இந்தப் பெயர்களை மறந்துவிடும்.

2003-ல் நெட்ஸுக்கு எதிராகக் கோப்பையை முடித்த ஆட்டத்தில் டங்கன் 21 புள்ளி, 20 ரீபவுண்ட், 10 அசிஸ்ட், 8 பிளாக். ராபின்சன் அதோடு ஓய்வு பெற்றார். 2005-ல் டெட்ராய்ட்டை ஏழு ஆட்டத்தில், 2007-ல் கிளீவ்லாந்தை நான்கே ஆட்டத்தில் வென்றார்கள். அந்தக் காலத்து ஸ்பர்ஸ் ஒரு தடுப்பாட்ட அணி. விதி எளிது: மூலை மூன்று புள்ளியையும் வளையத்தடியையும் மூடு, இடைத்தூர ஷாட்டைத் திறந்துவிடு, ஃபவுல் செய்யாதே. மூலையை ஏன் காக்க வேண்டும்? வளைவின் மேல்முனையிலிருந்து வளையத்துக்கு 23 அடி 9 அங்குலம், மூலையிலிருந்து 22 அடிதான். மூன்று புள்ளிக்கு அதுவே மலிவான இடம். தாக்குதலில் புரூஸ் போவன் என்ற ஆட்டக்காரர் அந்த மூலையிலேயே நின்று வாழ்க்கையை ஓட்டினார்.

2011-ல் எட்டாம் இடத்து மெம்பிஸிடம் முதல் சுற்றிலேயே வீழ்ந்தபின் எல்லோரும் இவர்கள் கதை முடிந்தது என்றார்கள். மாறினார்கள். அந்த டிராஃப்ட் இரவில் பாப்போவிச்சுக்கு மிகப் பிடித்த ஜார்ஜ் ஹில்லை இண்டியானாவுக்குக் கொடுத்து 15-வது தேர்வான காவை லெனர்டை வாங்கினார்கள். கல்லூரியில் கடைசி ஆண்டில் லெனர்டின் மூன்று புள்ளி விழுக்காடு 29 மட்டுமே. பந்தைத் தலைக்குப் பின்னே கொண்டுபோய் விடும் பழக்கம்தான் குறை என்று கண்ட பயிற்சியாளர் சிப் எங்கலண்ட், பந்தை விடும் இடத்தை முன்னே கொண்டுவந்தார். முதல் என்பிஏ சீசனில் அது 37-ஐத் தாண்டியது. பார்க்கரின் ஷாட்டையும் சீராக்கியவர் அவரே. ஒரு ஷூட்டிங் பயிற்சியாளரின் சம்பளத்துக்கு இதைவிட இலாபம் வேறில்லை.

ஆட்டமும் மாறியது. பந்து கைக்கு வந்த அரை விநாடிக்குள் எறி, கொடு, அல்லது உள்ளே பாய் என்பது கட்டளை. அரை விநாடி ஏன்? தடுப்பவர் உதவிக்கு நகர்ந்துவிட்டுத் தன் இடத்துக்குத் திரும்புவதற்குள் முடிவெடுக்க வேண்டும். பந்தைப் பிடித்து நிறுத்தி யோசித்தால் அவர் திரும்பிவிடுவார், முந்தைய பாஸ்கள் உருவாக்கிய இடைவெளி மூடிவிடும்.

அவர்களின் ‘ஹாமர்’ உத்தி இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. ஒரு பக்கத்தில் ஜினோபிலி, சக ஆட்டக்காரர் தடுப்பவரின் வழியை மறித்து நிற்கும் ஸ்கிரீனைப் பயன்படுத்தி அடிக்கோட்டை நோக்கிப் பாய்வார். ஐந்து தடுப்பாளர்களின் கண்ணும் பந்தின் மேல் போகும். அதே கணம் மறுபக்கத்தில் நெட்டையானவர் ஒருவர், டேனி கிரீனைக் காப்பவரின் முதுகுப்புறம் ஸ்கிரீன் வைப்பார். கிரீன் அங்கிருந்து மூலைக்கு வழுக்கிச் செல்வார். ஜினோபிலி வளையத்தின் அடியில், அடிக்கோட்டை ஒட்டிப் பந்தை மூலைக்குத் தட்டுவார். மூன்று செயலும் ஒரே தாளத்தில் விழ வேண்டும். ஸ்கிரீன் முந்தினால் தடுப்பவர் பார்த்துவிடுவார். பாய்ந்தவர் தாமதித்தால் கோட்டுக்கு வெளியே காற்றில் தொங்குவார், பந்து பறிபோகும். மூலையைக் காப்பவர் விழித்துக்கொண்டு அங்கேயே நின்றால் வளையத்தடி காலியாகும், ஸ்கிரீன் வைத்தவர் திரும்பி உள்ளே ஓட வேண்டும்.

2013 இறுதித் தொடரின் ஆறாம் ஆட்டத்தை விளக்காமல் 2014 புரியாது. மயாமியில் 28 விநாடி மீதமிருக்க ஸ்பர்ஸ் 94-89 முன்னிலை. கோப்பை வழங்கத் தரையைச் சுற்றி மஞ்சள் கயிறு கொண்டுவந்தாயிற்று. எதிரணிக்கு மூன்று புள்ளி ஷாட்கள்தான் தேவை என்பதால், எந்த ஸ்கிரீனிலும் ஆள் மாற்றிக் காக்க வசதியாக டங்கனை பெஞ்சில் உட்காரவைத்தார் பாப்போவிச். தர்க்கம் சரிதான். நெட்டையானவர் கோட்டுக்கு வெளியே ஓடிக் காப்பது கடினம். ஆனால் முதல் ஷாட் தவறினால் ரீபவுண்ட் எடுக்க ஆள் வேண்டும். லெப்ரான் ஜேம்ஸ் தவறவிட்டார், பந்து மயாமிக்கே வந்தது, அடுத்ததைப் போட்டார். லெனர்ட் இரண்டு ஃப்ரீ த்ரோவில் ஒன்றைத் தவறவிட்டார், சற்று முன் ஜினோபிலியும் அதே போல. 95-92. மறுபடி டங்கன் வெளியே, மறுபடி லெப்ரான் தவறவிட்டார், கிறிஸ் பாஷ் ரீபவுண்ட் எடுத்தார், ரே ஆலன் பின்னோக்கி நகர்ந்தபடியே மூலையில் நின்று எறிந்தார். 5.2 விநாடி மீதம், சமநிலை. கூடுதல் நேரத்தில் தோல்வி, ஏழாம் ஆட்டத்திலும் தோல்வி. ஒருமுறை அந்தக் கணக்கு தவறியது என்றால் விதி எனலாம். முதல் தவறலில் ரீபவுண்ட் போனபின்னும் இரண்டாம் முறை அதே ஐவரை நிறுத்தியதைத்தான் குறை சொல்ல வேண்டியிருக்கிறது.

மறு ஆண்டு அதே மயாமியை 4-1 என்று நொறுக்கினார்கள். மூன்றாம் ஆட்டத்தில், சார்லட் அணி 2012-ல் கழற்றிவிட்ட பிரெஞ்சுக்காரர் போரிஸ் டியாவைத் தொடக்க ஐவரில் சேர்த்தார்கள். நெட்டையான உடம்பும் பாஸ் கொடுக்கும் கண்ணும் ஒருவரிடமே இருந்ததால் மயாமியின் பொறிகள் உடைந்தன. முதல் பாதியில் 71 புள்ளி, ஏறத்தாழ 76 விழுக்காடு ஷாட்கள் உள்ளே. 22 வயது லெனர்ட் தொடரின் சிறந்த ஆட்டக்காரர். அந்த அணியில் அர்ஜென்டினா, பிரான்ஸ், பிரேசில், ஆஸ்திரேலியா, இத்தாலி, கனடா ஆகிய நாடுகளின் ஆட்டக்காரர்கள் இருந்தார்கள். 62 ஆட்டம் வென்ற அந்த சீசனில் யாருடைய சராசரியும் 30 நிமிடத்தைத் தொடவில்லை.

இந்த நிமிடக் கணக்கும் நெருக்கடியில் பிறந்ததுதான். புதிய நட்சத்திரம் வாங்க முடியாது என்றால் பழையவரை நீடிக்க வைக்க வேண்டும். 2012 நவம்பரில் டங்கன், பார்க்கர், ஜினோபிலி, கிரீன் நால்வரையும் மயாமி ஆட்டத்துக்கு முன்னே வீட்டுக்கு அனுப்பியதற்காக என்பிஏ ஆணையர் டேவிட் ஸ்டெர்ன் 2,50,000 டாலர் அபராதம் போட்டார். பிற்பாடு மற்ற அணிகளும் அதையே செய்தன. டங்கனும் தன் பங்குக்கு, 2012-ல் 21 மில்லியன் டாலருக்கு மேல் இருந்த ஆண்டுச் சம்பளத்தைப் பாதிக்கும் கீழே குறைத்துக்கொண்டார். டியாவும் கிரீனும் அணியில் தங்க அந்த மிச்சமும் உதவியது. 1,392 ஆட்டம் ஆடி 2016-ல் ஓய்வு பெற்றார்.

அவரோடு அந்த ஒழுங்கும் தளர்ந்தது. 2017 மேற்குப் பிரிவு இறுதித் தொடரின் முதல் ஆட்டத்தில் ஸ்பர்ஸ் 20 புள்ளிக்கு மேல் முன்னிலையில் இருந்தபோது, எறிந்துவிட்டு இறங்கிய லெனர்டின் கணுக்கால் கோல்டன் ஸ்டேட்டின் பச்சுலியா காலில் விழுந்து சுளுக்கியது. அடுத்த சீசனில் தொடைத் தசைநார் கோளாறு. அணி மருத்துவர்களை நம்பாமல் சொந்த மருத்துவர்களிடம் போனார், ஒன்பது ஆட்டம்தான் ஆடினார். 2018-ல் டொராண்டோவுக்கு அனுப்பப்பட்டு அடுத்த ஆண்டே அங்கே கோப்பை வென்றார். ஆட்டக்காரரின் உடம்பைக் காப்பதில் பேர்போன அணி, உடம்பைப் பற்றிய அவநம்பிக்கையால்தான் தன் அடுத்த தலைமுறையை இழந்தது. 2020-ல் பிளே-ஆஃப் வரிசை அறுந்தது.

பாப்போவிச் 2022-ல் டான் நெல்சனின் 1,335 வெற்றிகளைத் தாண்டினார். 2024 நவம்பரில் பக்கவாதம் தாக்கியது. 2025 மே மாதம் 1,390 வெற்றிகளோடு பயிற்சியாளர் பொறுப்பை மிட்ச் ஜான்சனிடம் கொடுத்துவிட்டு நிர்வாகத்துக்கு நகர்ந்தார்.

2023-ல் மூன்றாம் குலுக்கல். இதற்குள் விதி மாறியிருந்தது. மோசமான மூன்று அணிகளுக்கும் அந்த ஆண்டு சமமாக 14 விழுக்காடு, வேண்டுமென்றே தோற்பவர்களுக்குத் தனிச் சலுகை இல்லை. விக்டர் வெம்பன்யாமா வந்தார். முதல் ஆண்டிலேயே சிறந்த புதுமுக விருது ஒருமனதாக, மறு ஆண்டு வலத் தோளில் இரத்தக் கட்டி, பாதி சீசன் போயிற்று. ஸ்டெஃபான் காசில் 2025-ல் அதே புதுமுக விருதைப் பெற்றார். டிலன் ஹார்ப்பர் 2025-ல் இரண்டாம் தேர்வாக வந்தார். டியாரன் ஃபாக்ஸை வாங்கி நான்கு ஆண்டுக்கு 229 மில்லியன் டாலர் ஒப்பந்தம் போட்டார்கள்.

புதுமுக ஒப்பந்தம் நான்கு ஆண்டுதான் மலிவு. அதன்பின் வெம்பன்யாமா, காசில், ஹார்ப்பர் மூவரும் அடுத்தடுத்து பெரிய சம்பளத்துக்கு வருவார்கள், ஃபாக்ஸின் தொகை அதே ஆண்டுகளில் ஓடிக்கொண்டிருக்கும். 2023-ல் வந்த புதிய உடன்பாட்டின்படி சம்பளம் இரண்டாம் உச்சவரம்பைத் தாண்டினால், நடுத்தர ஆட்டக்காரரை வாங்க உதவும் விதிவிலக்கு பறிபோகும், இரண்டு பேரின் சம்பளத்தைக் கூட்டி ஒருவரை வாங்கும் வியாபாரம் செய்ய முடியாது, ஏழு ஆண்டு கழித்து வரும் முதல் சுற்றுத் தேர்வு வியாபாரத்தில் கொடுக்க முடியாதபடி முடக்கப்படும். 28-வது தேர்வில் ஒரு பார்க்கரையும், யாரோ கழற்றிவிட்ட ஒரு டியாவையும் கண்டெடுக்கும் வேலை சான் அன்டோனியோவுக்கு மறுபடி தேவைப்படப்போவது அந்த ஆண்டுகளில்தான்.